நான் வீசாத மாத்திரைகள்

எங்கள் சபையில் பாட்டுக்கும் பிரசங்கத்துக்கும் நடுவில் சாட்சி நேரம் என்று ஒன்று உண்டு. அந்த வாரம் ஆண்டவர் தனக்கு என்ன செய்தார் என்பதை யார் வேண்டுமானாலும் எழுந்து மைக்கில் சொல்லலாம். தொலைந்துபோன ஆடு தானாகத் திரும்பி வந்தது, மழைக்கு முன்னால் வெங்காயத்தைக் காயவைத்துச் சேமிக்கிற பட்டறையில் ஏற்ற முடிந்தது, மகனுக்குக் கம்பெனியில் வேலை கிடைத்தது என்று சொல்வார்கள். மற்றவர்கள் கை தட்டி ஸ்தோத்திரம் சொல்வார்கள். குன்னத்திலிருந்து உள்ளே போகிற ரோட்டில் தகரம் வேய்ந்த சின்ன ஹால் அது. ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம் பாயில் உட்காருவோம்.

மூன்று வருஷம் நான் அந்த மைக்கைத் தொடவில்லை. கூச்சம் என்று நினைத்துவிடாதீர்கள். கல்யாண வீடு, காதுகுத்து, இழவு வீடு எங்கே போனாலும் நாலு பேரைச் சிரிக்க வைக்காமல் நான் திரும்பியதில்லை. இழவு வீட்டில் சிரிக்க வைத்ததற்கு ஒரு தடவை அடியும் வாங்கியிருக்கிறேன். சொல்வதற்கு என்னிடம் சாட்சி இல்லை, அவ்வளவுதான். என்னிடம் இருந்ததெல்லாம் கேள்விகள். கேள்வி நேரம் என்று எங்கள் சபையில் ஒன்று கிடையாது.

நான் மழைக்குக்கூடப் பள்ளிக்கூடத்துப் பக்கம் ஒதுங்காதவன். பஸ் போர்டு படிப்பேன், அதுவும் பெரம்பலூர், அரியலூர் இரண்டுதான். வேறு ஊர் என்றால் பஸ்ஸின் கலரைப் பார்த்து ஏறுவேன், இரண்டு தடவை தப்பான ஊரில் போய் இறங்கியிருக்கிறேன். பிழைப்புக்குக் குட்டியானை என்கிற சின்ன லோடு வண்டி ஓட்டுகிறேன். சின்ன வெங்காயம், மக்காச்சோளம், பருத்தி, எது கிடைத்தாலும் ஏற்றுவேன். இதை நான் சொல்லச் சொல்ல, காலேஜ் படிக்கும் என் மகள் எழுதுகிறாள். நான் பேசுகிறபடியே எழுதினால் நாலாவது வரியில் எல்லாரும் ஓடிவிடுவார்கள் என்று திருத்தி எழுதுகிறாள். தமிழ் நன்றாக இருந்தால் அது அவளுடையது. மற்ற கோளாறெல்லாம் என்னுடையது.

என்னைச் சபைக்குக் கூட்டிப்போனவர் என் மச்சான். என் மனைவிக்கு அண்ணன். ஒரு காலத்தில் குடித்துவிட்டு ரோட்டோரம் கிடப்பார், நான்தான் தூக்கி வந்து வீட்டில் போடுவேன். என் வண்டியில் வெங்காய மூட்டைகளோடு அவரும் ஒரு மூட்டையாக வருவார். யாரோ ஒரு நாள் ஜெபக் கூட்டத்துக்கு அழைத்துப்போனார்கள், அதோடு குடி நின்றது. எப்படி நின்றது என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. நின்றதை என் கண்ணால் பார்த்தேன். அதனால்தான் முதலில் என் மனைவி போனாள், அப்புறம் நானும் போனேன்.

சிறுவாச்சூர் காளிக்கு வேண்டிக்கொண்டு என் அம்மா பெற்ற பிள்ளை நான். அங்கே திங்களும் வெள்ளியும்தான் நடை திறந்திருக்கும். "ஏசப்பாவுக்கு ஞாயித்துக்கெழம, ஆத்தாவுக்குத் திங்களும் வெள்ளியும். ரெண்டு பேருக்கும் ஷிப்ட் இடிக்காதுங்க மச்சான்" என்றேன். மச்சான் சிரிக்கவில்லை.

"மாப்ள, வெளையாட்ட வுடு. மனசத் தொறந்து ஒரு வார்த்த கேளு அவர்கிட்ட."

திறந்துதான் கேட்டேன். ஏசுவின் பேரையே கேட்காமல் செத்துப்போன என் அம்மா இப்போது எங்கே இருப்பாள்? இதுதான் என் முதல் கேள்வி. எங்கள் பாஸ்டரை நாங்கள் ஐயா என்போம். அவரிடமே போய்க் கேட்டேன். "எங்கப்பாவும் அப்படித்தான் தம்பி போனாரு. எனக்கும் தெரியல. ஜெபம் பண்ணுவோம்" என்றார். நல்ல மனுஷன். பதில் தெரியும் என்று அவர் சொல்லியிருந்தால் அன்றைக்கே நான் ஓடிப்போயிருப்பேன். ஆனால் நான் எதைக் கேட்டாலும் ஜெபத்துக்கே போய்ச் சேர்ந்தது, கொடுத்த மனு மேலே மேலே போய்க்கொண்டே இருக்கிற மாதிரி.

எல்லாரும் கண்ணை மூடி அழும்போது நான் ஒரு கண்ணைத் திறந்து பார்ப்பேன். தெருவில் எல்லார் வீட்டிலும் கரண்ட் வந்து, என் வீட்டு மீட்டர் மட்டும் சுற்றாத மாதிரி இருக்கும்.

"மச்சான், உங்களுக்கு நெசமாவே அவரு பேசறது கேக்குதா?" என்று ஒரு நாள் கேட்டேன்.

"காதுல கேக்காது மாப்ள. உள்ள கேக்கும்."

"எனக்கு உள்ள வயித்துச் சத்தந்தான் கேக்குது. ஐயா கொஞ்சம் சுருக்கா முடிச்சா தேவல."

அதற்கு மட்டும் சிரித்தார். அப்புறம் என் தோளில் கை வைத்து, "நீ ஒரு நாளைக்கி எழுந்து சாட்சி சொல்லுவ. அத நான் பாக்கணும். அதுக்குத்தான் தெனமும் ஜெபம் பண்றேன்" என்றார்.

சர்க்கரை வியாதி எங்கள் இரண்டு பேருக்கும் ஒரே வருஷம் வந்தது. வீடு வீடாக வந்து விரலில் குத்திப் பார்த்து மாத்திரை கொடுக்கிற அம்மா ஒருவர் உண்டு. நர்சம்மா என்போம். அந்தம்மா மிஷினைப் பார்த்துவிட்டு, "அண்ணே, உங்க ரத்தத்துல டீ போடலாம்" என்றார். என்னையே ஒருத்தர் கிண்டல் பண்ணும் நிலைமை வந்ததும் எனக்குப் பயம் வந்துவிட்டது. ஐயா என் தலையில் கை வைத்து ஜெபித்தார். மச்சான் எனக்காக ஒரு நாள் முழுக்கப் பச்சைத் தண்ணீரோடு உபவாசம் இருந்தார், அவரும் சர்க்கரை உள்ள மனுஷன் என்பதை மறந்துவிட்டு. நானோ மாத்திரையை ஒரு வேளை தவறவிடாமல் விழுங்கினேன். காலையில் தண்ணீரோடு என் மனைவி கையில் வைத்துவிடுவாள்.

அடுத்த மாதம் சர்க்கரை நன்றாக இறங்கியிருந்தது. மாத்திரை இறக்கியதா, ஜெபம் இறக்கியதா என்று கேட்டால் தெரியாது. தெரியாது என்பதுதான் என்னிடம் இருந்த உண்மை.

அந்த ஞாயிற்றுக்கிழமை மச்சான் என் விலாவில் முழங்கையால் இடித்தார். "எழுந்திரு மாப்ள. சொல்லு."

எழுந்து மைக்கைப் பிடித்தேன். "சக்கர கொறஞ்சிருச்சிங்க, ஸ்தோத்திரம்" என்றேன். இரண்டு மூன்று பேர் தட்டினார்கள், அதுவும் கொசு அடிக்கிற மாதிரி. அங்கேயே உட்கார்ந்திருக்கலாம். ஆனால் கூட்டம் மந்தமாக இருந்தால் என் நாக்கு பொறுக்காது.

"எப்பிடிக் கொறஞ்சிதுன்னு கேளுங்க. மாத்திரப் பட்டையக் கையில எடுத்தேன். ஏசப்பா, இனிமே நீங்கதான் என் டாக்டரு, ஊசி மட்டும் போட்றாதீங்கன்னு சொல்லி, மருதையாத்துப் பாலத்து மேலேர்ந்து வீசிட்டேன். இப்ப ஆத்து மீனுக்கெல்லாம் சக்கர கொறஞ்சிருக்கும்."

தகரக் கூரை அதிர்ந்தது. பெண்கள் பக்கம் விழுந்து விழுந்து சிரித்தார்கள், அப்படியே அல்லேலூயா என்று அழவும் தொடங்கினார்கள். பார்த்தால் மச்சான் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு தேம்பித் தேம்பி அழுகிறார். அவரைப் பார்த்து எனக்கும் அழுகை வந்தது. அந்த அழுகை பொய்யில்லை. மற்றதெல்லாம் பொய். அந்த மாதம் மருதையாற்றில் மீன் நீந்தும் அளவுக்குத் தண்ணீரே கிடையாது. அந்தப் பாலத்தில் தினமும் போய்வருகிறவர்கள்தான் அத்தனை பேரும். ஒருவரும் அதை யோசிக்கவில்லை.

கூட்டம் முடிந்ததும் ஐயா தனியாகக் கூப்பிட்டார். "தம்பி, டாக்டரக் கேட்டுட்டுத்தான நிறுத்தினீங்க?"

"கேட்டுட்டேங்கய்யா."

வீட்டுக்குப் போகும்போது வண்டியில் என் மனைவி, "காலைல நான் கையில குடுத்தது என்னய்யா, பொரிகடலையா?" என்றாள்.

"பேச்சு வேகத்துல வந்துருச்சி புள்ள."

"எங்கண்ணன் யாரு என்ன சொன்னாலும் நம்பிரும். நீயே போயி சொல்லிரு. நான் சொன்னா உனக்கு அசிங்கம்."

"சொல்றேன்."

அந்த வாரம் வெங்காய லோடு. அடுத்த வாரம் மச்சான் வீட்டில் விருந்தாளி. அதற்கடுத்த வாரம் எனக்கே மறந்துபோச்சு என்று வைத்துக்கொண்டேன். இரண்டு மாதம் கழித்து நர்சம்மா வந்து மாத்திரையைக் கொடுத்துவிட்டு, போகாமல் நின்றார்.

"அண்ணே, உங்க மச்சான் மாத்திர வேணாங்கறாரு. எம் மாப்ளக்கி செஞ்ச ஏசப்பா எனக்கும் செய்வாருங்கறாரு. நீங்கதான் மாசாமாசம் வாங்கி முழுங்கறீங்களே. என்னண்ணே இது?"

"அவருகிட்ட நான் பேசறேம்மா."

"சிரிக்காதீங்கண்ணே. அவருக்குச் சக்கர ஏறிக் கெடக்கு."

அன்று சாயங்காலமே போனேன். இதை மட்டும் என் கணக்கில் நல்லதாக எழுதிக்கொள்ளலாம் என்று பார்த்தால், அங்கே போய் நான் செய்ததையும் எழுதவேண்டியிருக்கிறது. மச்சான் வாசலில் ஆட்டுக்குத் தழை கட்டிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் முகமெல்லாம் சிரிப்பு. "இப்பதான் உன்ன நெனச்சேன். தா.பழூர்ல பெரிய கூட்டமாம். உன் சாட்சிய அங்க வந்து சொல்லச் சொல்றாங்கன்னு ஐயா சொன்னாரு. நானும் வரேன் மாப்ள."

வாயைத் திறந்தேன். "எத்தன மணிக்கிக் கெளம்பணும்" என்றுதான் வந்தது.

தா.பழூரில் நெல் வயலுக்கு நடுவே பந்தல் போட்டிருந்தார்கள். எங்கள் ஹாலைப்போல நாலு மடங்கு ஜனம். அங்கே மாத்திரைப் பட்டை இரண்டு பட்டையானது. பாலத்தில் என்னைப் பார்த்துப் பரிகாசம் பண்ணிய ஒரு ஆள் கதைக்குள் புதிதாக வந்தான், அவனும் கடைசியில் மனந்திரும்பினான். எனக்கே அவனை நிஜமாகப் பார்த்த ஞாபகம் வந்துவிட்டது. யார் யாரோ வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார்கள். எழுதப் படிக்கத் தெரியாதவன் வாழ்க்கையில் அப்படி ஒரு நாள் வந்தால் என்ன ஆகும் என்று எனக்குத்தான் தெரியும். தலைகால் புரியவில்லை.

திரும்பி வரும்போது மச்சான் முன் சீட்டில் என் பக்கத்தில் இருந்தார். ஜெயங்கொண்டம் தாண்டியதும் சொன்னார். "மாப்ள, நானும் மாத்திரைய வுட்டுட்டேன். ரொம்ப நாளா தைரியம் இல்ல. உன்னப் பாத்துதான் வந்துச்சி."

"நல்லது மச்சான்" என்றேன்.

ஆயுசு முழுக்க ஆயிரக்கணக்கில் வேடிக்கை பேசியிருக்கிறேன், ஊரெல்லாம் சிரித்திருக்கிறது. திரும்ப எடுத்துக்கொள்ளக் கிடைக்கும் என்றால் அந்த இரண்டு வார்த்தையைத்தான் எடுப்பேன்.

அன்று படுக்கப்போகுமுன் நான் முதல்முறையாக மனசார ஜெபம் பண்ணினேன். ஏசப்பா, நான் சொன்ன பொய்யை நீ நிஜமாக்கிக் கொடுத்துவிடு, மச்சானுக்கு மட்டும் சரியாக்கிவிடு என்று கேட்டேன். கேள்வியே கேட்காமல் நான் பண்ணிய ஜெபம் அது ஒன்றுதான். என்னை யாரும் பார்க்கவில்லை, தட்டவில்லை.

மக்காச்சோளம் அறுத்த காட்டில் தட்டையின் அடிக்கட்டை ஈட்டி மாதிரி நிற்கும். மச்சான் செருப்பில்லாமல் நடந்து, கால் கட்டை விரலுக்கு அடியில் குத்திவிட்டது. சின்னக் காயம். வலியே தெரியவில்லை என்று எல்லாரிடமும் சந்தோஷமாகச் சொன்னார். வலி தெரியாததையும் அற்புதம் என்றே நினைத்தார். ஜெப எண்ணெய் தடவி வேட்டித் துணியால் கட்டிக்கொண்டார். நானும் என் மனைவியும் பார்க்கப் போனபோது கட்டிலைச் சுற்றி ஒரு வாடை. கட்டை அவிழ்த்துப் பார்த்துவிட்டு என் மனைவி வாயைப் பொத்திக்கொண்டாள். மூட்டை ஏற்றுகிற இடத்தில் பாயை விரித்து அவரைப் படுக்கவைத்து, பெரம்பலூர் பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓட்டினேன்.

"மாத்திர எப்ப நிறுத்துனீங்க?" என்று டாக்டர் கேட்டார்.

மச்சான் பேசவில்லை. பக்கத்தில் நின்ற நானும் பேசவில்லை. முட்டிக்குக் கீழே காலை எடுக்க வேண்டியதாகிவிட்டது.

நாலைந்து நாள் கழித்து, பகல் வேளையில், வார்டில் அவருக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தேன். போர்வை ஒரு பக்கம் மட்டும் நீளமாக மேடாக இருந்தது. தட்டையாகக் கிடந்த மறு பக்கத்தைப் பார்க்காமல் ஸ்பூனையே பார்த்துக்கொண்டிருந்தேன். மச்சான் மெதுவாகச் சொன்னார். "உனக்கு இருந்த விசுவாசம் எனக்கு இல்ல மாப்ள. உள்ளுக்குள்ள எங்கயோ பயந்துருக்கேன் போல. அதான் அவரு எனக்குச் செய்யல."

கால் போனதைக்கூட நான் தாங்கியிருப்பேன். இதைத் தாங்க முடியவில்லை. கஞ்சிக் கிண்ணத்தைக் கீழே வைத்தேன்.

"மச்சான், நான் ஒரு மாத்திரையும் வீசலைங்க. இன்னிக்கிக் காலைலகூட போட்டுட்டுத்தான் வந்தேன். ஏசப்பா இருக்காரா இல்லையான்னே எனக்குச் சரியாத் தெரியாது. எல்லாரும் கை தட்டணும்னு சொன்னேன்."

என் முகத்தை ரொம்ப நேரம் பார்த்தார். நான் வேடிக்கை பேசுகிறேனா என்று தேடினார் என்று நினைக்கிறேன். பிறகு சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"தெரியாதுன்னு எங்கிட்டச் சொன்னா நான் உன்ன அடிச்சிருக்கவா போறேன்?"

கீழே வைத்த கிண்ணத்தைத் திரும்ப எடுத்தேன்.

"சபையில போயி சொல்லு. என்ன மாதிரி இன்னும் எவன் எவன் வுட்டுருக்கானோ. போ."

அந்த ஞாயிறு சாட்சி நேரத்தில் எழுந்தேன். "நான் சொன்னது பொய்ங்க. மாத்திரைய நான் வீசல. தெனமும் முழுங்கறேன்" என்றேன்.

எல்லாரும் சிரித்தார்கள்.

"நெசமாத்தாங்க சொல்றேன்." இன்னும் பெரிதாகச் சிரித்தார்கள். முன்வரிசைப் பெரியவர் ஒருவர், "மீனு திருப்பிக் குடுத்துருச்சா?" என்று கேட்டார். மச்சானின் கால் போன துக்கத்தில் இருந்த ஜனம், நான் ஆறுதலுக்கு ஏதோ வேடிக்கை காட்டுகிறேன் என்று நினைத்துவிட்டது. இத்தனை வருஷமாக நான் பழக்கிவைத்த கூட்டம். என் வாயிலிருந்து எது வந்தாலும் சிரிப்பதற்குத் தயாராக இருந்தது. மைக்கைப் பிடித்துக்கொண்டு, பொய் சொன்னவன் நான்தான் என்று நம்பச் சொல்லிக் கெஞ்சிக்கொண்டிருந்தேன்.

பெண்கள் பக்கத்திலிருந்து என் மனைவி எழுந்தாள். அவள் சபையில் வாய் திறந்து நான் பார்த்ததில்லை. "அவரு சொல்றது உண்மைதான். நான்தான் தெனமும் கையில எடுத்துக் குடுக்கறேன். தெரிஞ்சும் எங்கண்ணன்கிட்டச் சொல்லாம இருந்துட்டேன்" என்றாள். சொல்லிவிட்டு அப்படியே உட்கார்ந்து முக்காட்டை இழுத்து முகத்தை மூடிக்கொண்டாள்.

வெங்காயத் தாள் அறுக்கும் வேலைக்குப் போகிற அம்மா ஒருத்தி, உட்கார்ந்தபடியே கேட்டாள். "அப்ப நான் பிரஷர் மாத்திரைய நிறுத்துனது தப்பா தம்பி? பொங்கலுக்கு முன்னாடியே நிறுத்திட்டேனே."

ஐயா எழுந்து வந்து என் கையிலிருந்து மைக்கை வாங்கினார். அந்தம்மாவை நாளைக் காலையிலேயே ஆஸ்பத்திரிக்குத் தானே கூட்டிப்போவதாகச் சொன்னார். வேறு யாராவது நிறுத்தியிருக்கிறீர்களா என்று கேட்டார். ஆண்கள் பக்கம் ஒரு கை மெல்ல எழுந்தது. ஐயா என் பக்கம் திரும்பினார். "நீங்க டாக்டரக் கேட்டுட்டேன்னு சொன்னதும் நான் அதுக்கு மேல விசாரிக்காம இருந்துட்டேன் தம்பி. இன்னொரு தடவ கேட்டிருக்கணும். எனக்கும் அந்தச் சாட்சி புடிச்சிருந்துச்சி" என்றார். அன்றைக்குப் பிரசங்கம் நடக்கவில்லை.

என்னை யாரும் சபையை விட்டுத் துரத்தவில்லை. துரத்தியிருந்தால் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். என்னைப் பார்த்தால் இப்போது சிரிப்பதா வேண்டாமா என்று ஜனங்களுக்குத் தெரியவில்லை, பாதிச் சிரிப்பில் நிறுத்திக்கொள்கிறார்கள். மச்சான் கட்டையை ஊன்றி வருகிறார். நான்தான் ஏற்றிப்போகிறேன். ஏறும்போது என் தோளைப் பிடிப்பார், இறங்கும்போதும் பிடிப்பார். நடுவில் பேச்சு கிடையாது. வேண்டியதை, "நிறுத்து", "போலாம்" என்று என் முகத்தைப் பார்க்காமல் சொல்வார். உறவு சொல்லிக் கூப்பிடுவது நின்றுபோய்விட்டது. அவருக்கு நம்பிக்கை குறைந்ததா என்றால் இல்லை, முன்னைவிட அதிகமாக ஜெபிக்கிறார், கூடவே மாத்திரையும் போடுகிறார். எனக்குத்தான் அவர் ஜெபிக்கும்போது பக்கத்தில் உட்கார முடியவில்லை. பின்னால் போய்ச் செருப்பு விடுகிற இடத்துக்கு அருகில் உட்காருகிறேன்.

போன வாரம் அவருக்குச் செயற்கைக் கால் அளவெடுக்க அரியலூர் கூட்டிப்போனேன். வழியில் சுண்ணாம்புக் கல் லாரிகள் வரிசையாகக் குறுக்கே திரும்பிக்கொண்டிருந்தன. வண்டியை நிறுத்தி, புழுதி உள்ளே வராமல் கண்ணாடியை ஏற்றினேன்.

"இப்பவாச்சும் நம்பறியா மாப்ள?" என்றார்.

மாப்ள என்கிற அந்தச் சொல்லைக் கேட்டு எத்தனை மாதம். நாக்கில் ஒரு வேடிக்கை வந்து நின்றது, நல்ல வேடிக்கைதான். விழுங்கிக்கொண்டேன்.

"பாதி நாளு நம்பறேன் மச்சான். பாதி நாளு இல்லைங்க. அம்மா எங்க இருக்கும்னு நெனச்சா அன்னிக்கி நம்ப முடியல. உங்களக் குடியிலேர்ந்து எழுப்பினத நெனச்சா அன்னிக்கி நம்பறேன். உங்க காலப் பாத்தா ஒண்ணும் புரியல."

லாரிகள் போய்க்கொண்டிருந்தன. அவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இதத்தான் அன்னிக்கே மைக்குல சொல்லியிருக்கலாம்" என்றார்.

"ஒருத்தரும் கை தட்டியிருக்க மாட்டாங்க மச்சான்."

"தட்டாட்டி என்ன. பக்கத்துல நான் இருந்தேன்ல."

கடைசி லாரியும் திரும்பிப் போய்விட்டது. பின்னால் நின்ற பஸ்காரர் ஹாரன் அடித்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு கியரைப் போட்டேன்.